ஸ்கேன் நார்மல்; வலி மட்டும் போகவில்லை

நீங்கள் கேட்டிருப்பதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துக்கொள்கிறேன். தங்கைக்கு 22 வயது. மாதவிலக்கு வந்தால் மூன்று நாள் சுருண்டு படுத்துவிடுகிறார், வாந்தி எடுக்கிறார், கல்லூரிக்குப் போக முடிவதில்லை. இரண்டு தடவை நடுராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓடி ஊசி போட்டிருக்கிறீர்கள். ஸ்கேனில் ‘நார்மல்’ என்று வந்துவிட்டது. ஒரு டாக்டர் ‘எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம்’ என்று ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். அம்மாவோ, ‘எனக்கும் இப்படித்தான் இருந்தது, கல்யாணம் ஆனால் சரியாகிவிடும், அந்த மாத்திரையைச் சாப்பிட்டால் பிள்ளை நிற்காது’ என்கிறார். அம்மாவுக்கு 39 வயதில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள் என்பதையும் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கடைசியில், ‘இது நிஜமாகவே வியாதிதானா, இல்லை வலி தாங்கத் தெரியாத பிள்ளையா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். மாத்திரை, ஸ்கேன், கல்யாணம் பற்றிய கேள்விகள் எல்லாம் இந்தக் கடைசிக் கேள்வியைச் சுற்றித்தான் நிற்கின்றன. அதற்கான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வலி நிஜம். என்ன வியாதி என்பதை இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது.

நான் மகளிர் நல மருத்துவர். தென்மாவட்டத்தில் ஒரு நடுத்தர ஊரில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பார்த்துவருகிறேன். உங்கள் தங்கையை நேரில் பார்க்காமல், கேட்காமல், தொட்டுப் பரிசோதிக்காமல் ‘இதுதான்’ என்று எழுதுவது தவறு. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விவரத்தோடு ஒரு பெண் என் அறைக்குள் வந்தால் என் மனதில் என்னென்ன ஓடும் என்பதைச் சொல்ல முடியும்.

இந்த நோய்க்கு ‘இடமகல் கருப்பை அகப்படலம்’ என்று ஒரு நீளமான தமிழ்ப் பெயர் உண்டு. அதைச் சொல்லி ஒருவருக்கும் புரிந்ததாக நான் பார்த்ததில்லை. அதனால் எண்டோமெட்ரியோசிஸ் என்றே வைத்துக்கொள்வோம். கர்ப்பப்பையின் உள்பக்கம் ஒரு படலம் இருக்கிறது. மாதாமாதம் அது தடித்து, கரு தங்கவில்லை என்றால் உதிர்ந்து ரத்தத்தோடு வெளியே வரும். அதைப் போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே, அதாவது சினைப்பையின் மேல், கர்ப்பப்பையைத் தாங்கும் தசைநார்களில், வயிற்றின் உட்சவ்வில், குடல்மேல், மூத்திரப்பைமேல் ஒட்டிக்கொண்டு வளர்வதுதான் இந்த நோய். அதுவும் ஹார்மோன் சொல்வதைக் கேட்கும். மாதவிலக்கு சமயத்தில் அங்கேயும் கசிவு, வீக்கம், எரிச்சல் எல்லாம் நடக்கும். கர்ப்பப்பைக்குள் உதிர்வது வெளியே போக வழி இருக்கிறது, இதற்கு இல்லை. மாதாமாதம் புண்ணாகி ஆறி, புண்ணாகி ஆறி, தழும்பு விழுந்து, உள்ளே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள ஆரம்பிக்கும். சினைப்பைக்குள் இப்படித் தேங்கிய பழைய ரத்தம் கெட்டியான பழுப்பு நிறத்தில் இருப்பதால் அதை ‘சாக்லேட் கட்டி’ என்கிறோம். பெயர்தான் இனிப்பு.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். நம் ஊரில் ‘நீர்க்கட்டி’ என்றால் எல்லோருக்கும் பிசிஓடி தெரியும். சாக்லேட் கட்டி என்றதும் அதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். இரண்டும் வேறு. பிசிஓடியில் முக்கியப் பிரச்சினை மாதவிலக்கு தள்ளிப்போவது. எண்டோமெட்ரியோசிஸில் பெரும்பாலும் தேதி தவறாமல் வரும், வந்தால் ஆளைச் சாய்த்துவிடும். இரண்டும் ஒரே பெண்ணுக்கு இருக்கவும் கூடும். ஆனால் எடையைக் குறை, நடைப்பயிற்சி போ, சரியாகிவிடும் என்று பிசிஓடிக்குச் சொல்லும் அறிவுரையை இவர்களுக்கும் சொல்லி அனுப்புவது வீண்.

‘மாதவிலக்கு என்றால் வலி இருக்கத்தானே செய்யும்’ என்பதும் பொய்யில்லை. பூப்பெய்திய ஓரிரு ஆண்டுகளில் ஆரம்பிக்கும் சாதாரண மாதவிலக்கு வலி ரொம்பப் பேருக்கு உண்டு. புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் கர்ப்பப்பைத் தசையை இறுக்குவதால் வருவது அது. ரத்தப்போக்கு தொடங்கும்போது வரும், ஒன்றிரண்டு நாளில் தணியும், வெந்நீர்ப் பையோ ஒரு மாத்திரையோ கேட்கும். நான் சந்தேகப்படத் தொடங்குவது வேறு கதையைக் கேட்கும்போது. தேதிக்கு இரண்டு மூன்று நாள் முன்பே வலி தொடங்கிவிடும். ரத்தம் நின்ற பிறகும் இழுக்கும். போன வருஷம் கேட்ட மாத்திரை இந்த வருஷம் கேட்காது. அந்த நாட்களில் மலம் கழிக்கும்போது கத்தியால் குத்துகிற மாதிரி இருக்கும், சிலருக்கு மூத்திரம் போகும்போது. கல்யாணம் ஆனவர்களுக்கு உறவின்போது ஆழத்தில் வலிக்கும். வயிறு உப்பிக்கொண்டு பாவாடை நாடா கட்ட முடியாது. இடுப்பிலிருந்து தொடைவரை இழுக்கும். ஓய்வெடுத்தாலும் தீராத அசதி. அபூர்வமாக, மாதவிலக்கு வரும்போதெல்லாம் வலது தோள்பட்டை வலிக்கிறது என்று ஒருத்தி சொல்வாள். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத் தசையில் இந்தத் திசு ஒட்டியிருந்தால் அப்படி வலிக்கும். சிசேரியன் தழும்பில் மாதாமாதம் வீங்கி வலிக்கிற ஒரு கட்டியும் இதே குடும்பம்தான்.

உங்கள் தங்கைக்கு எப்போது தொடங்கியது, வருஷத்துக்கு வருஷம் கூடுகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. எழுதியதில் என் காதை நிமிர்த்தியது, மாத்திரை கேட்காமல் ஊசி வரை போனதுதான். வலி மாத்திரைக்கும் ஹார்மோன் மாத்திரைக்கும் அடங்காத இளம்பெண்களுக்கு லேப்ராஸ்கோப்பி, அதாவது வயிற்றில் சிறு துளை போட்டுக் கேமரா விட்டுப் பார்ப்பது, செய்த ஆய்வுகளில், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு உள்ளே எண்டோமெட்ரியோசிஸ் இருந்தது. ‘சின்னப் பிள்ளைக்கு இதெல்லாம் வராது’ என்று நாங்கள் படித்த காலத்தில் இருந்த எண்ணம் இப்போது செல்லாது.

சரி, ஸ்கேன் ஏன் நார்மல் என்றது? நம் ஊரில் கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு ஸ்கேன் என்றால் இதுதான் நடக்கும்: ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள், மூத்திரம் முட்டிக்கொண்டு வரும்வரை பெஞ்சில் காத்திருக்க வேண்டும், அப்புறம் வயிற்றின் மேல் ஜெல் தடவி ஐந்து நிமிடம் பார்ப்பார்கள். சாக்லேட் கட்டி பெரிதாக இருந்தால் அதில் தெரியும். கர்ப்பப்பைக்குப் பின்னால் இருக்கும் முடிச்சுகளும், குடல் ஒட்டியிருப்பதும் தெரிய வேண்டுமானால் பிறப்புறுப்பு வழியாகப் பார்க்கும் ஸ்கேன் வேண்டும். அதையும் இந்த நோயைத் தேடிப் பழகிய கை செய்ய வேண்டும். கல்யாணம் ஆகாதவர்களுக்கு அதைச் செய்வதில்லை, கேட்கவும் தயங்குகிறோம். மாற்றாக மலவாய் வழி ஸ்கேனோ எம்ஆர்ஐயோ எடுக்கலாம். சவ்வின் மேல் மெல்லிய புள்ளிகளாகப் பரவியிருக்கும் வகையோ எந்த ஸ்கேனிலும் பெரும்பாலும் தெரியாது. ஆக, அந்த ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்பதற்கு, பார்த்த இடத்தில், பார்த்த விதத்தில், கட்டி ஒன்றும் தெரியவில்லை என்று அர்த்தம். அதற்கு மேல் அர்த்தமில்லை. சிஏ-125 என்ற ரத்தப் பரிசோதனையும் அப்படித்தான். அது கூடினாலும் குறைந்தாலும் இந்த நோயை உறுதி செய்யாது. அதை எடுக்கச் சொல்லி, கொஞ்சம் கூடியிருப்பதைப் பார்த்துப் புற்றுநோய் என்று பயந்து, வீடே அழுதுகொண்டு வந்து உட்கார்ந்த நாட்கள் உண்டு.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன். பதினேழு வயதில் வலது பக்க அடிவயிற்று வலி என்று வேறொரு ஊரில் அப்பெண்டிக்ஸை எடுத்துவிட்டார்கள். வலி போகவில்லை. அல்சர் என்று ஒரு வருஷம் மாத்திரை. அப்புறம் ‘மனசு சரியில்லை’ என்று வேறு மாத்திரை. கல்யாணமாகி மூன்று வருஷம் குழந்தை இல்லாமல் 26 வயதில் என்னிடம் வந்தாள். ‘வலி எப்போது வரும்?’ என்றேன். பையிலிருந்து ஒரு கட்டுத் தாள்களை எடுத்து மேஜையில் வைத்தாள். தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள். நல்ல நேரம், ராகுகாலத்துக்குக் கீழே இருக்கும் வெற்றிடத்தில் பேனாவால் கோடுகள். ஒரு கோடு என்றால் வேலை செய்யலாம், இரண்டு என்றால் படுக்க வேண்டும், மூன்று என்றால் வாந்தி. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, தானே கண்டுபிடித்த முறை. ஒன்றரை வருஷத்துத் தாள்கள். மூன்று கோடு போட்டவை மாதாமாதம் ஒரே இடத்தில் வந்து விழுந்தன. தாள்களைப் பார்த்ததும் நான் கேட்டது இதைத்தான்: ‘இதை இதற்கு முன்னால் யாருக்காவது காட்டினாயா?’ ‘காட்டினேன். அந்த டாக்டர் சிரித்தார்’ என்றாள்.

லேப்ராஸ்கோப்பி செய்தோம். கேமராவை உள்ளே விட்டதும் இரண்டு சினைப்பைகளும் கர்ப்பப்பைக்குப் பின்னால் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. பெருங்குடலும் அங்கேயே வந்து ஒட்டியிருந்தது. சவ்வின் மேல் துப்பாக்கி மருந்து தெறித்த மாதிரி கருநீலப் புள்ளிகள். அந்தச் சிரித்த டாக்டர்மீது கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. நான் தொழிலுக்கு வந்த முதல் ஏழெட்டு வருஷத்தில் ‘கல்யாணம் பண்ணி வையுங்கள், சரியாகிவிடும்’ என்று எத்தனை அம்மாக்களிடம் சொல்லியிருப்பேனோ, கணக்கில்லை. அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் பிறகு வேறெங்கோ போய்க் கண்டுபிடித்தார்களோ, அதுவும் தெரியாது.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் குழந்தை பெறும் வயதில் இருக்கும் பெண்களில் பத்தில் ஒருவருக்கு, ஏறத்தாழ 19 கோடிப் பேருக்கு, இந்த நோய் இருக்கிறது. பிரிட்டனில் இலவச மருத்துவம், குடும்ப டாக்டர் எல்லாம் இருந்தும், முதலில் டாக்டரிடம் போனதிலிருந்து நோய் உறுதியாவதற்குச் சராசரியாக 8 ஆண்டு 10 மாதம் ஆகிறது என்று அங்குள்ள எண்டோமெட்ரியோசிஸ் யூகே அமைப்பு 2024ல் சொன்னது. தமிழ்க் குடும்பத்தில் பிறந்து அமெரிக்காவில் டிவி தொகுப்பாளராகப் புகழ்பெற்ற பத்மா லக்ஷ்மிக்குப் பதிமூன்று வயதில் தொடங்கிய வலிக்கு முப்பத்தாறு வயதில்தான் பெயர் கிடைத்தது. பணமும் பெயரும் இருந்தவருக்கே இருபத்து மூன்று ஆண்டு. அதன் பிறகு 2009ல் அவரும் அவருக்கு அறுவை சிகிச்சை செய்த டாக்டர் தாமெர் செச்கினும் சேர்ந்து அமெரிக்க எண்டோமெட்ரியோசிஸ் ஃபவுண்டேஷனைத் தொடங்கினார்கள். ஆஸ்திரேலியாவில் சுகாதார அமைச்சர் கிரெக் ஹண்ட் 2017 டிசம்பரில், இத்தனை காலம் இந்தப் பெண்களைக் கவனிக்காமல் விட்டதற்கு மன்னிப்பே கேட்டார். அடுத்த வருஷம் அங்கே தேசியச் செயல்திட்டம் வந்தது. பிரான்சும் 2022ல் ஒன்றை அறிவித்தது. மார்ச் மாதத்தை இதற்கான விழிப்புணர்வு மாதமாக வைத்து உலகம் முழுக்க மஞ்சள் ரிப்பன் குத்திக்கொள்கிறார்கள். நம்மிடம் அரசின் ‘புதுயுகம்’ திட்டத்தில் வளரிளம் பெண்களுக்கு இலவச நாப்கின் வந்தது. ரொம்ப நல்ல காரியம். அதைக் கொடுக்கிற கையே ‘வலி எப்படி இருக்கிறது, பள்ளிக்கூடம் எத்தனை நாள் விடுகிறாய்?’ என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும் என்று எனக்குத் தோன்றும்.

இனி அம்மாவுக்கு வருவோம். அவர் சொன்னதை நீங்கள் தங்கைக்கு எதிரான சாட்சியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது அப்படிப் படவில்லை. இந்த நோய் குடும்பத்தில் ஓடும். அம்மாவுக்கோ அக்காவுக்கோ இருந்தால் மகளுக்கு, தங்கைக்கு வர வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில் இது வருவதற்கான காரணத்தில் ஏறத்தாழ பாதி மரபணு என்று தெரிந்தது. 2023ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயுள்ள பெண்களின் மரபணுக்களை அலசி, நோயோடு தொடர்புள்ள 42 இடங்களைக் குறித்தது. ‘எனக்கும் இப்படித்தான் இருந்தது’ என்று ஒரு அம்மா சொன்னால் நான் அதைக் கேஸ் ஷீட்டில் குடும்ப வரலாறு என்ற இடத்தில் எழுதிக்கொள்வேன். அந்த வலியோடு அவர் பல வருஷம் சமைத்து, துவைத்து, பிள்ளை பெற்று வளர்த்திருக்கிறார். அவரிடம் அப்போது யாரும் கேட்கவில்லை என்பதுதான் விஷயம். அவர்மேல் குறை சொல்லிப் பேச்சைத் தொடங்காதீர்கள்.

கல்யாணம் ஆனால் சரியாகும் என்ற பேச்சுக்கு ஒரு சின்ன அடிப்படை இருக்கிறது. கர்ப்பமாக இருக்கும்போதும், தாய்ப்பால் கொடுத்து மாதவிலக்கு வராமல் இருக்கும்போதும் பலருக்கு வலி அடங்கும். மாதவிலக்கு திரும்பினால் பலருக்கு வலியும் திரும்பும். எஷ்ரே எனப்படும் ஐரோப்பிய மனித இனப்பெருக்கவியல் சங்கத்தின் 2022 வழிகாட்டி, இந்த நோய்க்கு மருந்தாகக் கர்ப்பம் தரிக்கச் சொல்லி யாருக்கும் அறிவுரை சொல்லக் கூடாது என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. இன்னொன்றும் யோசியுங்கள். உறவின்போது வலிக்கக்கூடிய ஒரு நோயுள்ள பெண்ணை, அதைப் பற்றி ஒரு வார்த்தை தெரியாத மாப்பிள்ளையிடம் அனுப்பி, ‘சரியாகிவிடும்’ என்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறோம். அந்த வீட்டில் முதல் ஆறு மாதத்தில் என்ன நடக்கும்? ‘பொண்ணுக்கு விருப்பமில்லை’ என்று பேச்சு வரும். அப்படிப் பிரியும் நிலைக்குப் போன இரண்டு தம்பதிகளை ஒன்றாக உட்கார வைத்துப் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். அந்த இரண்டு கணவர்களும் நல்லவர்கள்தான், யாரும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

மாத்திரை விஷயம். டாக்டர் எழுதிக் கொடுத்தது டைனோஜெஸ்ட் என்ற ஒற்றை ஹார்மோன் மாத்திரையா, இல்லை ஈஸ்ட்ரோஜனும் சேர்ந்த கருத்தடை மாத்திரையா என்று நீங்கள் சொல்லவில்லை. இரண்டும் செய்யும் வேலை ஒன்றுதான்: அந்தத் திசுவுக்குப் போகும் ஹார்மோன் தூண்டுதலைக் குறைத்து, மாதவிலக்கை அடக்கி வைப்பது. சாப்பிடும்வரை வேலை செய்யும், நிறுத்தினால் சினைப்பை பழையபடி இயங்கத் தொடங்கும். பிள்ளை பிறக்காமல் போகாது, இதை உறுதியாகச் சொல்கிறேன். அம்மாவின் பயம் எங்கிருந்து வருகிறது என்றால், இந்த நோயே சிலருக்குக் கருத்தரிப்பதைச் சிரமமாக்கும். மாத்திரை சாப்பிட்ட பெண்ணுக்குக் குழந்தை தாமதமானால் பழி மாத்திரைமேல் விழும். டைனோஜெஸ்ட் தினமும் விடாமல் சாப்பிட வேண்டியது. முதல் சில மாதம் சொட்டுச் சொட்டாக ரத்தம் படும், அது எதிர்பார்த்ததே, பயந்து நிறுத்திவிடாதீர்கள். சிலருக்கு மனம் சோர்ந்துபோகும், அப்படி இருந்தால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். இளம் வயதில் நீண்ட காலம் சாப்பிட்டால் எலும்பின் அடர்த்தி கொஞ்சம் குறையலாம் என்பதால் அதையும் கவனிப்போம். கருத்தடை மாத்திரை என்றால், பார்வையில் மின்னல் தெறிக்கும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும், ரத்தம் உறையும் கோளாறு உள்ளவர்களுக்கும் கூடாது. அதை டாக்டர் கேட்கவில்லை என்றால் நீங்களே சொல்லுங்கள்.

அப்புறம், லேப்ராஸ்கோப்பி செய்து கண்ணால் பார்த்தால்தான் மருந்து தொடங்க வேண்டும் என்று ஒரு காலத்தில் இருந்தது. இப்போது அப்படி இல்லை. கதையும் பரிசோதனையும் பொருந்தினால் மருந்தைத் தொடங்கிப் பார்க்கலாம் என்று அதே 2022 வழிகாட்டி சொல்கிறது. ஆகவே உங்கள் டாக்டர் ஸ்கேன் நார்மல் என்றபோதும் மாத்திரை எழுதியது அலட்சியம் இல்லை, நல்ல காரியம். மூன்று முதல் ஆறு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டும் அடங்கவில்லை என்றால்தான் அடுத்த படி.

வலி மாத்திரையை நம் வீடுகளில் சாப்பிடும் விதம் பற்றியும் சொல்ல வேண்டும். ‘மாத்திரை உடம்புக்குக் கெடுதல்’ என்று பல்லைக் கடித்துத் தாங்கி, உயிர் போகிற நேரத்தில் ஒன்றை வெறும் வயிற்றில் போட்டு, ‘கேட்கவே இல்லை’ என்பார்கள். புரோஸ்டாகிளாண்டின் ஊறிப் பெருகிய பிறகு மாத்திரை போட்டால் அது என்ன செய்யும்? வலி தலைகாட்டும்போதே, சாப்பிட்ட பிறகு, டாக்டர் சொன்ன இடைவெளியில் ஓரிரு நாள் விடாமல் போட்டால்தான் பலன். நம் பெட்டிக்கடை வரை கிடைக்கும் மெஃபனமிக் ஆசிட் மாத்திரைக்கு இந்திய மருந்தியல் ஆணையம் 2023 நவம்பரில் ஒரு எச்சரிக்கை விட்டது. அபூர்வமாகக் கடுமையான ஒவ்வாமை வரலாம் என்பது அதன் சாரம். சாப்பிட்ட பின் காய்ச்சலோடு தோலில் தடிப்பு வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். அந்த எச்சரிக்கையைக் காட்டி அந்தப் பிள்ளைக்கு மாத்திரையே கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள்.

அறுவை சிகிச்சை சிலருக்கு வாழ்க்கையைத் திருப்பிக் கொடுக்கும். ஆனால் ‘ஒரே ஆபரேஷனில் வேரோடு எடுத்துவிடுவோம்’ என்று யாராவது சொன்னால் அங்கேயே கொஞ்சம் நிதானியுங்கள். திரும்பி வருவது சகஜம். ஐந்து ஆண்டுகளில் பாதிக்குப் பாதிப் பேருக்கு வலியோ கட்டியோ திரும்பலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. சாக்லேட் கட்டியை உரித்தெடுக்கும்போது சினைப்பையின் நல்ல திசுவும் கொஞ்சம் போகும், முட்டைகள் குறையும். இரண்டாவது, மூன்றாவது ஆபரேஷன் என்றால் இன்னும் போகும். ஆகவே பிள்ளை பெற வேண்டிய பெண்ணுக்குக் கத்தியை எப்போது எடுப்பது என்பதை, கட்டியின் அளவு, வலி, வயது, சினைப்பையில் மிச்சமுள்ள முட்டைகளைக் கணிக்க உதவும் ஏஎம்ஹெச் ரத்தப் பரிசோதனை அளவு எல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். டாக்டருக்கு டாக்டர் கருத்து மாறும் இடமும் இதுதான்.

குழந்தை விஷயத்தில் நேராகச் சொல்கிறேன். இந்த நோயுள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிப் பேருக்குக் கருத்தரிப்பதில் சிரமம் வரலாம். அப்படியானால் மீதிப் பேருக்குக் கரு தானாகவே நிற்கும், சிரமம் வந்தவர்களிலும் பலருக்குச் சிகிச்சையோடு நிற்கும். காலண்டர் தாள் கொண்டுவந்த பெண்ணுக்கு இப்போது ஒரு மகன், பள்ளிக்கூடம் போகிறான். வலி? கொஞ்சம் திரும்பியிருக்கிறது, மாத்திரையில் இருக்கிறாள்.

உறுதியாகத் தெரியாதவையும் நிறைய. இது ஏன் வருகிறது என்பதே முழுதாகப் பிடிபடவில்லை. அமெரிக்காவில் ஆல்பனி நகரத்து மருத்துவர் ஜான் சாம்ப்சன் 1927ல் ஒரு விளக்கம் சொன்னார்: மாதவிலக்கு ரத்தத்தில் கொஞ்சம் கருக்குழாய் வழியே பின்னோக்கி வயிற்றுக்குள் போய், அதிலுள்ள திசு அங்கே முளைக்கிறது. நன்றாகப் பொருந்துகிற விளக்கம். ஆனால் பின்னால் பார்த்தபோது பத்தில் ஒன்பது பெண்களுக்கு ரத்தம் அப்படிப் பின்னோக்கிப் போவது தெரிந்தது, நோயோ பத்தில் ஒருவருக்குத்தான். மற்ற எட்டுப் பேருக்கு ஏன் முளைக்கவில்லை? நோய் எதிர்ப்பு, மரபணு என்று பல பதில்கள், எதுவும் முழுசாக இல்லை. உள்ளே தெரியும் நோயின் அளவுக்கும் வலிக்கும் பொருத்தம் இல்லை என்பதும் விசித்திரம்தான். நோய் மிக முற்றிய நான்காம் கட்டத்தில் சிரித்துக்கொண்டு வருபவர்கள் உண்டு, நாலு புள்ளி மட்டும் இருந்து துடிப்பவர்கள் உண்டு. எல்லோருக்கும் நோய் வளர்ந்துகொண்டே போவதும் இல்லை, சிலருக்கு அப்படியே நிற்கும், சிலருக்குக் குறையவும் செய்யும். யாருக்கு எப்படி என்று முன்கூட்டிச் சொல்லத் தெரியாது.

சாப்பாடு? கோதுமையை நிறுத்து, பாலை நிறுத்து என்று வீடியோக்கள் சொல்கின்றன. சிலருக்கு வயிற்று உப்புசம் குறைவதைப் பார்த்திருக்கிறேன், நோய் குறைந்ததற்குச் சான்று போதாது. வெந்தயம், சோம்புக் கஷாயம், உளுந்தங்களி, ஒத்தடம் எல்லாம் தாராளமாக. ஒத்தடம் நிஜமாகவே உதவும். மருந்துக்குப் பதிலாக என்று மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். புற்றுநோய் பயம் வேண்டாம். சாதாரணமாக நூறு பெண்களில் ஒருவருக்குச் சற்று மேல் வரும் சினைப்பைப் புற்றுநோய், இவர்களுக்குக் கொஞ்சம் கூடினாலும் நூற்றுக்கு இரண்டைத் தாண்டுவதில்லை.

இப்போது என்ன செய்யலாம் என்றால், அந்த மாத்திரையைத் தொடங்கச் சொல்லுங்கள், தங்கைக்குச் சம்மதம் என்றால். உங்கள் சம்மதமோ அம்மாவுடையதோ இரண்டாம் பட்சம், அவருக்கு 22 வயது. வலியை எழுதி வைக்கச் சொல்லுங்கள். எந்தத் தேதியில் தொடங்கியது, பத்துக்கு எத்தனை, மலம் கழிக்கும்போது வலித்ததா, எத்தனை மாத்திரை, எத்தனை நாள் கல்லூரி போகவில்லை. போனில் ஆப் இருக்கிறது, காலண்டர் தாளும் போதும். டாக்டரிடம் ‘ரொம்ப வலி’ என்று சொன்னால் எங்களுக்கு ஒன்றும் பிடிபடாது. ‘மூன்று மாதத்தில் ஒன்பது நாள் கல்லூரி போகவில்லை, இரண்டு முறை ஊசி’ என்றால் பேனா தானாக நகரும். இரவில் திடீரென்று, வழக்கத்துக்கு மாறான வலி, காய்ச்சல், மயக்கம் வந்தால் இதுதான் என்று நினைத்து வீட்டில் வைத்திருக்காதீர்கள். சினைப்பை முறுக்கிக்கொண்டாலும், கட்டி உடைந்தாலும், குடல்வால் வீங்கினாலும் வலி அங்கேதான் வரும். மாத்திரை வாங்க மெடிக்கலுக்கு ஒரு தடவை நீங்களே போங்கள். அண்ணன் போய் அந்தச் சீட்டை நீட்டுவது வீட்டில் எவ்வளவு பேச்சை மிச்சப்படுத்தும் என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொரு வேலை. அம்மாவுக்கு 39 வயதில் எதற்காகக் கர்ப்பப்பையை எடுத்தார்கள் என்று கேளுங்கள். ‘வீக்கம்’, ‘ரத்தப்போக்கு’ என்று ஏதாவது சொல்வார், அதோடு விட்டுவிடாதீர்கள். எடுத்த கர்ப்பப்பையைச் சோதனைக்கு அனுப்பியிருப்பார்கள், டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஒரு பயாப்சி ரிப்போர்ட் கொடுத்திருப்பார்கள். நம் வீடுகளில் அது பீரோவில் பட்டுப்புடவைக்குக் கீழே, பத்திரத்தோடு ஒரு மஞ்சள் பையில் இருக்கும். அதில் அடினோமயோசிஸ் (இதே மாதிரித் திசு கர்ப்பப்பையின் தசைச் சுவருக்குள் வளர்வது) என்றோ எண்டோமெட்ரியோசிஸ் என்றோ ஒரு வார்த்தை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அடுத்த தடவை தங்கையின் ஃபைலில் அதையும் வைத்து எடுத்துப் போங்கள். போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.